அசையாத அம்புக்குறி

விஜயதசமியும் அதுவுமாய், சரஸ்வதி படத்துக்கு முன்னாலிருந்து எடுத்து வந்த லப்டொப்பில் அம்புக்குறி செத்துக் கிடந்தது. திரை வெளிச்சமாய்த்தான் இருந்தது. விசையை அழுத்தினால் எழுத்து வந்தது. ஆனால் கீழே உள்ள அந்த வழுவழுப்பான சதுரத்தில், டச்பேட்டில், சுபோதினி விரலை வைத்து எந்தப் பக்கம் இழுத்தாலும் மேலே ஒரு அசுமாத்தமும் இல்லை. அம்புக்குறி திரையின் மூலையில் போய் ஒட்டிக்கொண்டு, கூப்பிட்டாலும் காது கேட்காத ஆள் மாதிரி நின்றது. பத்து மணிக்குப் பரீட்சை.

வேறு பரீட்சை என்றால் போகட்டும் சனியன் என்று விட்டிருப்பாள். இது அப்படி விடக்கூடியது அல்ல. அவுஸ்திரேலியாவில் இருக்கும் ஒரு கணக்கு நிறுவனம் வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆள் எடுக்கிறது. நேர்முகமெல்லாம் தாண்டி இன்றைக்கு இதுதான் கடைசி. இந்த வேலை கிடைத்தால் மாமி இங்கேயே, இந்த வெள்ளவத்தை வீட்டில் இருப்பார். கிடைக்காவிட்டால் சுபோதினி கொழும்புக் கோட்டையில் ஏதாவது அலுவலகத்துக்கு ஓட வேண்டும், மாமி வத்தளைக்குப் போக வேண்டும்.

மாமி என்றால் சுபோதினியின் கணவனைப் பெற்ற யோகேஸ்வரி. சீனி வருத்தக்காரி. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடப் பிந்தினால் சீனி சடாரென்று இறங்கி, நின்ற இடத்திலேயே சரிந்துவிடுவார். ஒருதரம் குசினியில் விழுந்து களுபோவில ஆஸ்பத்திரி வரை போய் வந்தாயிற்று. மகன் சிவானந்தனுக்கோ கப்பலில் வேலை, வீட்டுக்கு வருவதே விருந்தாளி மாதிரித்தான். அதனால் வத்தளையில் இருக்கும் இளையவன் லவன், "அம்மாவை இனி நான் வைச்சுப் பார்க்கிறன் அண்ணி, எங்கட வீட்டில பகலிலயும் ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டான். லவன் நல்ல பிள்ளை. அவன் சொன்னதிலும் பிழையில்லை. ஆனால் மாமிக்குப் போக விருப்பமில்லை, சுபோதினிக்கும் அனுப்ப விருப்பமில்லை. உப்புக்கும் புளிக்கும் இத்தனை வருசம் சண்டை பிடித்துப் பழகிய மனுசி. சண்டைக்கு ஆளில்லாத வீட்டில் போயிருந்து அவர் என்ன செய்வார்?

மாமி வாயால் எதுவும் கேட்பதில்லை. ஆனால் கட்டிலுக்குக் கீழே ஒரு பயணப்பையில் சேலைகளை மடித்து அடுக்கி வைத்திருக்கிறார். ஏன் என்றால், "சும்மாதான், பூஞ்சணம் பிடிக்காமல்" என்பார். பூஞ்சணமாம். அந்தப் பையைக் காணும்போதெல்லாம் சுபோதினி அதைக் கட்டிலுக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளிவிடுவாள்.

நேற்றுப் பின்னேரம் சரஸ்வதி பூசைக்கு லப்டொப்பை வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றதும் மாமிதான். சோறு போடப்போகிற சாமான் அது, அதையும் புத்தகங்களோடு வைக்காவிட்டால் எப்படி என்றார். சுபோதினி கடைசி நிமிசம் வரை அதில் கணக்குச் செய்து பழகிக்கொண்டிருந்தாள். இடையில் மாமி ஏதோ கிண்ணத்தோடு பக்கத்தில் வந்து நின்றதும், "பொறுங்கோ மாமி, பிறகு" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னதும் அரைகுறையாய் ஞாபகம். பிறகு தூக்கிக் கொடுத்துவிட்டாள். பூசையில் வைத்ததை விஜயதசமி விடியும்வரை தொடக்கூடாது. விடிந்து, விளக்கேற்றிக் கும்பிட்டு, எடுத்துத் திறந்தால் இந்தக் கோலம்.

"சரி, பார்ப்பம்" என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் சுபோதினி. அழுவதற்கு நேரமில்லை.

முதலில் மேல்வரிசையில் டச்பேட் படம் போட்ட விசையை அழுத்தினாள். சில நேரம் கைதவறி அது பட்டால் டச்பேட் அணைந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அழுத்தினாள், விட்டாள், திரும்ப அழுத்தினாள். ஒன்றுமில்லை. லப்டொப்பை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். அது தன்பாட்டில் ஆறுதலாய், மெல்ல மெல்ல எழும்பி வந்தது. அம்புக்குறி அதே மூலையில் நின்றது. விசைகளாலேயே ஒவ்வொரு கட்டமாய்த் தாண்டி அமைப்புகளுக்குள் புகுந்து தேடினாள். டச்பேட் இயங்குகிறது என்று அங்கே போட்டிருந்தது. பச்சைப் பொய்.

மேல்மாடி வீட்டு மிதுனாவிடம் ஓடி மவுஸ் ஒன்று வாங்கி வந்தாள். அதன் வயர் முனை பெரிசு. இந்த லப்டொப்பில் இருப்பதோ நாலு அரிசி கோத்த அளவு துளை. மெல்லிசாய்ச் செய்கிறோம் என்று பழைய துளையை எல்லாம் அடைத்துவிட்ட அந்தக் கெட்டிக்காரர்களை வாய்க்குள் நன்றாய் ஏசினாள். இரண்டையும் பொருத்தும் இணைப்பி வாங்கக் காலி வீதிக்கு இறங்கினாள். தமிழ்க் கடையெல்லாம் பூசை முடிந்துதான் திறக்கும். திறந்திருந்த ஒரேயொரு கடையின் சிங்கள முதலாளி, "நே அக்கே, இவரய்" என்று கையை விரித்தார். இருந்ததெல்லாம் விற்று முடிந்துவிட்டதாம். சுபோதினி திரும்பி நடந்தபடியே ஷிப்லிக்குப் போன் எடுத்தாள். அதே வீதியில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருப்பவன் அவன்.

"அக்கா, நான் சாமான் எடுக்கப் புறக்கோட்டைக்கு வந்த. கட தொறக்கப் பகல் பன்னெண்டாகும்" என்றான் ஷிப்லி. "என்ன, சொல்லுங்க."

அவள் செய்ததெல்லாம் சொன்னாள்.

"செட்டிங்ல ஓன்ல ஈக்கிதானே? அப்ப அது பழுதில்ல அக்கா. அதுக்கு மேல ஏற்கனவே ஒரு வெரல் ஈக்கிற எண்டு அது நெனச்சிக்கொண்டு ஈக்கிது. அதால ஒங்கட வெரல கணக்கெடுக்கிறல்ல. ஈரம் கீரம் பட்டிச்சா?"

"ஈரமோ? மேசையில நான் தண்ணிப் போத்தில் கூட வைக்கிறேல்லை."

"எதுக்கும் மணந்து பாருங்களேன். தேத்தண்ணி ஊத்திட்டு ஊத்தல்ல எண்டு சொல்ற ஆக்கள் நெறைய."

வீட்டுக்கு வந்ததும் டச்பேட்டை விரலால் அழுத்தித் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனாள். சந்தனம் மணந்தது. காலையிலிருந்து மணந்துகொண்டுதான் இருந்தது. சாமியறை மணம் என்று இவ்வளவு நேரமும் நினைத்திருந்தாள். லப்டொப்பைச் சரித்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். சதுரத்தைச் சுற்றியிருந்த மயிர்க்கோட்டு இடுக்கில் மஞ்சளாய் ஈரம் மின்னியது.

"மாமி, இதுக்கு என்ன செய்தனீங்கள்?"

மாமி சாமியறை வாசலில் வந்து நின்றார். "பூசையில வைச்சனான்."

"வைச்சு?"

"ஒரு பொட்டு வைச்சனான்" என்றார் மாமி, சுவரைப் பார்த்தபடி. "கண்ணாடியில வைச்சா நீர் ஏசுவீர். எழுத்தில வைச்சா எழுத்து மறையும். நடுவில நெத்தி மாதிரி வெறுமையா ஒரு இடம் கிடந்துது. அதில வைச்சன். பன்னீர் கொஞ்சம் கூடிப்போச்சு, வழிஞ்சிட்டுது. காலமை எழும்பி ஈரத்துணியால வடிவாத் துடைச்சுவிட்டனான்."

ஈரத்துணியால். வடிவாய். சுபோதினிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"கேட்டிருக்கலாமே மாமி. ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே. நான் இதை ஆருக்காகச் செய்யிறன் எண்டு நினைக்கிறீங்கள்? எனக்கு என்ன, கோட்டைக்குப் பஸ் ஏறத் தெரியாதோ? நீங்கள் இங்க இருக்கவேணும் எண்டுதானே இந்தப் பாடு."

மாமி திரும்பி உள்ளே போனார். போய்க் கட்டிலில் படுத்துவிட்டார் என்றுதான் சுபோதினி நினைத்தாள். ஆனால் மாமி தன் இன்சுலின் பெட்டியோடு திரும்பி வந்தார்.

"ஊசி போடமுதல் துடைக்கிற ஸ்பிரிட் பஞ்சு இது" என்றார். "பட்ட கையோட காய்ஞ்சு போயிடும். இடுக்குக்குள்ள விட ஊசியும் இருக்கு. மெல்லிசு."

சுபோதினி அவரையும் பெட்டியையும் பார்த்தாள். கோபம் போய்விடவில்லை. ஆனால் அந்த யோசனை நல்ல யோசனை. லப்டொப்பை அணைத்துக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, பஞ்சின் ஒரு நூலை ஊசிமுனையில் சுற்றி இடுக்கு வழியே மெல்ல ஓட்டினாள். மஞ்சளாய் வந்தது. இன்னொரு பஞ்சு. அதுவும் மஞ்சள். மாமி ஒவ்வொன்றாய் உறை கிழித்து நீட்டிக்கொண்டே இருந்தார். கடைசியாய் வந்த பஞ்சு வெள்ளையாக இருந்தது.

லப்டொப்பைப் போட்டுப் பார்த்தாள். அம்புக்குறி மூலையை விட்டு ஒரு விரற்கடை நகர்ந்தது, திரும்ப நின்றுவிட்டது. உள்ளே இன்னும் ஈரம். காய நேரம் வேண்டும், நேரம்தான் இல்லை.

"நாள் மாத்தித் தரச்சொல்லிக் கேட்டுப் பாருமன்" என்றார் மாமி.

"தராயினம். மவுஸ் இல்லாட்டி என்ன, எனக்குப் பத்து விரல் இருக்கு" என்றாள் சுபோதினி. "நீங்கள் சாப்பிட்டிட்டு இருங்கோ. உள்ளுக்கு மட்டும் வந்திடாதேங்கோ. கமராவில வேற ஆளைக் கண்டால் பரீட்சையை நிப்பாட்டிப் போடுவாங்கள்."

கதவைச் சாத்தினாள். சுபோதினி கணக்கியல் படித்தது கொட்டாஞ்சேனையில் ஒரு வகுப்பில். இருந்த கொம்பியூட்டர்கள் பழசு, மவுஸ்களில் பாதி வேலை செய்யாது. கத்திக் கத்திப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் விசையாலேயே செய்யப் பழகிவிட்டாள். அந்தப் பழக்கத்தை விரல்கள் மறக்கவில்லை. ஒரு கேள்வியிலிருந்து மற்றதற்கு டப் விசையால் தாவினாள். சரியான விடையில் இடைவெளி விசையைத் தட்டினாள். தேடிப்பிடிக்க நேரம் போன இடமும் இருந்தது, இரண்டு தரம் பிழையான பக்கத்துக்குள் விழுந்து எழும்பியும் வந்தாள். ஆனால் எண்கள் வந்ததும் அவளை யாரும் பிடிக்க முடியவில்லை. பிழையாய்ப் பதிந்திருந்த செலவுகளைக் கண்டுபிடித்து, ஐந்தொகையின் இரண்டு பக்கத்தையும் சமப்படுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

இனி அனுப்புவதுதான் மிச்சம். பக்கத்தின் அடியில் அனுப்புக என்று ஒரு நீலக் கட்டம் இருந்தது. டப் விசையை அழுத்தினாள். அந்தக் கட்டத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் போய் வந்தது. முன்னுக்குப் போனாள், பின்னுக்கு வந்தாள். நீலக் கட்டத்தில் மட்டும் நிற்கமாட்டேன் என்றது. மேலே நேரம் குறைந்துகொண்டிருந்தது. செய்ததெல்லாம் இந்த ஒரு கட்டத்தில் வந்து மண்ணாய்ப் போகப்போகிறதே.

விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு டச்பேட்டில் வைத்தாள். அம்புக்குறி ஒரு நெல்லளவு அசைந்து நின்றது. விரலை எடுத்தாள், வைத்தாள், இழுத்தாள். இன்னொரு நெல்லளவு. "வா" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. சண்டித்தனம் பண்ணும் மாட்டை இழுப்பது போல அந்தக் குறியைத் திரை முழுக்கக் குறுக்காய் இழுத்தாள். நடுவழியில் அது திரும்பி மூலைக்கு ஓடப் பார்த்தது. விடவில்லை. கட்டத்தின் ஓரத்தில் நுனி தொட்டதும் அழுத்தினாள். திரை ஒருகணம் வெள்ளையாகிப் பிறகு நன்றி சொன்னது.

கதவைத் திறந்தபோது மாமி நடையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் சாப்பிட்டு முடித்த கோப்பை. அனுப்பிவிட்டேன் என்று சுபோதினி சொன்னாள். பின்னேரம் வெயில் சாயும்போது டச்பேட் ஒன்றும் நடவாதது போல வேலை செய்தது.

மறுகிழமை பதில் வந்தது. சுபோதினி அதை ஒருதரம் வாசித்துவிட்டு, நம்பிக்கையில்லாமல் திரும்பவும் வாசித்தாள். மாமி குசினி வாசலில் முருங்கைக்காய் நறுக்கும் சாட்டில் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமி, அந்தப் பையில கிடக்கிற சேலையளை எடுத்து அலுமாரியில அடுக்குங்கோ."

மாமி கத்தியைக் கீழே வைத்தார். கையைக் கழுவினார். சேலை எடுக்கப் போகவில்லை, சாமியறைக்குப் போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். மேசையருகே வந்ததும் லப்டொப்பைக் கண்டு, களவு பிடிபட்டவர் போல நின்றுவிட்டார்.

"பயப்பிடாதையும், அதுக்கு வைக்கேல்லை" என்றார். "அண்டைக்கும் உமக்கு வைக்கத்தான் பிள்ளை கொண்டு வந்தனான். நீர் நிமிர்ந்து பார்க்கேல்லை. அதுதான் அதுக்கு வைச்சனான்."

சுபோதினி லப்டொப்பை மூடினாள். கதிரையைத் திருப்பிக்கொண்டு முகத்தை நிமிர்த்தினாள். மாமி வைத்த பொட்டு கொஞ்சம் கோணலாய் விழுந்தது.

"பன்னீர் கூடிப்போச்சு மாமி, வழியுது" என்றாள்.

"வழியட்டும்" என்றார் மாமி.