நாற்பதாம் கட்டம்

பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியின் வரலாற்றை எழுதித் தரும்படி உடற்கல்வி இயக்குநர் சின்னவளிடம் கேட்டிருந்தார். ஆண்டு மலருக்கு எட்டு வரி போதும். 'தோல்வி' என்ற சொல் மட்டும் வரக் கூடாது. "அப்ப என்னன்னு சார் எழுதறது?" என்று அவள் கேட்டதற்கு, கூரையைப் பார்த்து யோசித்துவிட்டு, "அனுபவம் பெற்றதுன்னு போடும்மா" என்றார்.

அந்தக் கணக்கில் அணி பதினான்கு ஆண்டுகளில் அறுபத்தொரு முறை அனுபவம் பெற்றிருந்தது. வேறு எதையும் பெறவில்லை.

ஆய்வுக் குழு வருகிறது, படிவத்தில் 'மகளிர் விளையாட்டு' என்ற இடம் காலியாகக் கிடக்கிறது என்பதற்காக அவசர அவசரமாகத் தொடங்கிய அணி அது. நூலகத்தில் ஸ்டூல் போடாமல் மேல்தட்டுப் புத்தகத்தை எடுத்த ஏழு பெண்களைப் பிடித்து வந்து கையில் பந்தைக் கொடுத்தார்கள். மூன்றாம் ஆண்டு ஒரு போட்டிக்கு எதிரணி வராததால் நியாயமாக ஒரு வெற்றி கிடைத்திருக்க வேண்டும். அன்றைக்கு இவர்களும் போகவில்லை. ஒன்பதாம் ஆண்டு முதல் பாதி முழுக்க முன்னணியில் இருந்தார்கள். இடைவேளைக்குப் பிறகு கூடை மாறும் என்பதை இரண்டு பேர் மறந்துவிட்டார்கள். இதுவரை எடுத்த அதிகபட்சப் புள்ளி முப்பத்தெட்டு.

அறுபத்தொரு அனுபவங்களில் இருபத்து மூன்று சின்னவளின் அக்காவுடையவை. அக்காதான் கேப்டன். ஐந்து வருடமாக ஆடுகிறாள், இன்று கடைசி ஆட்டம், அடுத்த மாதம் படிப்பு முடிகிறது. "ஒண்ணு. ஒரே ஒண்ணு ஜெயிச்சுட்டுப் போயிடறேன்" என்று ஒரு வாரமாகத் தூக்கத்தில் கூடச் சொல்லிக்கொண்டிருந்தாள். இது மிகையில்லை, ஒரே அறையில் படுக்கும் சின்னவள் காதால் கேட்டது. அம்மாவுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. காலையில், "சீக்கிரமா தோத்துட்டு வந்துடுங்கடி, வாஷிங் மெஷின் ரிப்பேர்காரர் நாலு மணிக்கு வர்றாரு" என்று வழியனுப்பினாள்.

சின்னவள் ஆடுகிறவள் இல்லை. நான்கு வருடங்களுக்கு முன் அணித் தேர்வுக்குப் போனபோது பயிற்சியாளர் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. "ஒண்ணுலேர்ந்து நூறு வரைக்கும் தெரியுமாம்மா?" என்று கேட்டார். அன்றிலிருந்து புள்ளி எழுதும் மேசை அவளுடையது.

மேசை நடுநிலையானது. அதாவது இரண்டு பல்கலைக்கழகத்திலிருந்தும் ஆளுக்கொருத்தி உட்காருவார்கள். சின்னவள் தாளில் எழுதுவாள். எதிரணியிலிருந்து வருகிறவள், அவள் சொல்லும் எண்ணைப் பலகையில் திருப்பிவிடுவாள். இன்று வந்தவள் ஓயாமல் சூயிங்கம் மென்றதால், சின்னவள் மனதில் அவள் பெயரே சூயிங்கம் ஆகிவிட்டது. தாளில் ஒன்றிலிருந்து நாற்பது வரை எண்கள் மேலிருந்து கீழாக அச்சடித்திருக்கும். நாற்பது தாண்டினால் பக்கத்து வரிசை. ஆட்டத்தில் கூடை விழுந்தால் இரண்டு புள்ளி. ஓர் எண்ணை விட்டு அடுத்த எண்ணின் மேல் சாய்வாக ஒரு கோடு. தவறுக்குக் கிடைக்கும் தனி எறிதல், அதாவது ஃப்ரீ த்ரோ, என்றால் ஒரு புள்ளி. அடுத்த எண்ணின் மேல் கறுப்பாக ஒரு பொட்டு. இவ்வளவுதான் வேலை. எதிரணியின் கோடுகள் எப்போதும் ஜம்மென்று இரண்டாம் வரிசைக்குப் போய்விடும். சொந்த அணியின் வரிசையில் கடைசியில் இருக்கும் அந்த நாற்பது மட்டும் நான்கு வருடமாகக் கை படாமல், புதுமணப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது.

அக்காவின் அந்தக் கடைசி ஆட்டத்தில் ஏதோ நடந்தது. எதிரணியான நீலச் சட்டைகளின் இரண்டு நெட்டைகளுக்கும் செய்முறைத் தேர்வு இருந்ததால் அவர்கள் வரவில்லை. விளையாட்டு வளர்ச்சிக்குத் தேர்வுத் துறை செய்த முதல் தொண்டு அது. மூன்றாம் பகுதியின் கடைசியில் சொந்த அணி முப்பத்தொன்பதில் நின்றது. அதுவே சாதனை. அப்போது அக்கா கூடைக்கடியில் புகுந்து, ஒருத்தியின் தலைக்கு மேலாகப் பந்தைத் தூக்கிப் போட்டாள். விழுந்தது. சின்னவள் நாற்பதின் மேல் கோட்டை இழுத்தாள். "நாப்பது!" என்று கத்தினாள். மேசையில் இருப்பவர் எழக் கூடாது என்பது விதி. அவள் எழுந்து நின்றாள். சூயிங்கம் அவள் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டுப் பலகையை நாற்பதுக்குத் திருப்பினாள். அரங்கமே அந்த எண்ணை வாய் பிளந்து பார்த்தது. பயிற்சியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கடைசி மணி அடித்தபோது பலகை சொன்னது: ஐம்பத்திரண்டு, ஐம்பத்திரண்டு.

இரண்டு நிமிட இடைவெளி, அப்புறம் ஐந்து நிமிடக் கூடுதல் ஆட்டம். சின்னவள் தன் அணியின் பெஞ்சைப் பார்த்தாள். வந்தது எட்டு பேர். இரண்டு பேர் ஐந்து தவறு செய்து வெளியே போயாயிற்று. ஒருத்தி கணுக்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மிச்சம் சரியாக ஐந்து. அதில் ஒருத்தி கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு தரையில் படுத்திருந்தாள், பயிற்சியாளர் அவள் காலைத் தூக்கிப் பிடித்திருந்தார். அக்காவுக்கு நான்கு தவறு. இன்னும் ஒன்று செய்தால் அவளும் வெளியே. அவள் தண்ணீர் பாட்டிலை வாயில் வைக்கவே இரண்டு கையும் தேவைப்பட்டது. எதிர்ப்பக்கம் நீலச் சட்டைகள் பன்னிரண்டு பேர், அதில் நான்கு பேருக்கு இன்னும் வியர்க்கவே இல்லை. ஐந்து நிமிடம் ஆடினால் என்ன ஆகும் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை.

பழக்கதோஷத்தில் சின்னவள் ஒவ்வொருத்தியின் புள்ளிகளையும் ஓரமாகக் கூட்டினாள். ஐம்பத்து மூன்று வந்தது. திரும்பக் கூட்டினாள். ஐம்பத்து மூன்று. விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். முப்பத்தேழில் கோடு. முப்பத்தொன்பதில் கோடு. நாற்பதில் கோடு.

கோடு என்றால் இரண்டு. முப்பத்தொன்பதோடு இரண்டு சேர்ந்தால் நாற்பது ஆகும் என்று எந்தப் பல்கலைக்கழகத்திலும் சொல்லித்தருவதில்லை. நாற்பத்தொன்றில் போட வேண்டிய கோட்டை, நான்கு வருட ஆசையில் கை நாற்பதிலேயே போட்டுவிட்டது. ஆட்டம் முடிந்துவிட்டது. ஜெயித்தாயிற்று. அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

"ஒண்ணரை நிமிஷம்" என்றார் மேசை ஓரத்தில் நேரம் பார்ப்பவர்.

அவள் தாளைச் சூயிங்கம் பக்கம் நகர்த்தி, நாற்பதில் விரலை வைத்தாள். சூயிங்கத்தின் தாடை அப்படியே நின்றது.

"அடிப்பாவி."

"என்ன பண்றது இப்ப?"

"பேசாம இரு. கேப்டன் உன் அக்காதானே? அக்காவுக்குத் தங்கச்சி பாயின்ட் போட்டுக் குடுத்தான்னு சொல்லுவாங்க. அசிங்கமாயிடும்."

உண்மைதான். மறைத்தால் யாருக்கும் தெரியாது, சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. அக்கா ஷூ நாடாவை இறுக்கக் குனிந்து, நிமிர முடியாமல் முழங்காலில் கை ஊன்றி நின்றாள். சின்னவள் மேசை மணியை அழுத்தினாள். அழுத்திய விரலை எடுக்க மறந்துவிட்டதால் அது ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறியது.

நடுவர் வந்தார். ஒல்லியான மனிதர், சிரித்தால் அபராதம் என்பது போன்ற முகம். "என்னம்மா?"

அவள் சொன்னாள். நாக்கு இரண்டு இடத்தில் தடுக்கியது. நடுவர் தாளை எடுத்துப் பார்த்தார். இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டார். கூப்பிடாமலே நீலச் சட்டைப் பயிற்சியாளரும் வந்தார்.

"கோடு தப்பா, நம்பர் தப்பா?" என்றார் நடுவர். "இது ஃப்ரீ த்ரோவா இருந்து, பொட்டு வைக்கிறதுக்குப் பதிலா நீ கோடு போட்டிருந்தா? அப்ப நாப்பது சரிதானே?"

"இல்ல சார், ஆட்டத்துல விழுந்த கூடை சார். தவறு எழுதற பக்கத்தப் பாருங்க, அங்க ஃப்ரீ த்ரோவே—"

"அதையும் நீதானே எழுதின? உனக்கு நீயே சாட்சியா?"

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே தங்கையை முறைத்தாள். "யாரு போட்ட கூடைடி அது?"

"உன்னுதுதான்."

"என் பாயின்ட்டா?" என்றாள் அக்கா. "சட்டையை எடுத்த, சாக்ஸை எடுத்த, சார்ஜரை எடுத்த. இப்ப பாயின்ட்டையுமா எடுத்த?"

"எப்படிம்மா இப்படி ஒரு தப்பு வரும்?" என்றார் நடுவர். "ஸ்கூல் புள்ளைக்குக் கூட வராதே."

கேலரியில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. "நாங்க நாப்பது தொட்டதே இல்ல சார். பதினாலு வருஷத்துல ஒரு தடவ கூட. அந்த நம்பரைப் பார்த்ததும் கை தானா..." நீலச் சட்டைப் பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி வரிசையாகப் பரவியது. உடற்கல்வி இயக்குநர் கேலரியில் யாரோ தெரிந்தவரைத் தேடுவது போல மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

நீலச் சட்டைப் பயிற்சியாளர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "சார், டைம் முடிஞ்சுது. ஆடத் தெரியாததுங்களத்தான் இந்த மேசையில கொண்டுவந்து உட்கார வைக்கிறோம். அதுங்க பேச்சைக் கேட்டு மேட்சை முடிப்பீங்களா? விசில் அடிங்க, ஆடிப் பார்த்துடலாம்."

நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். பாதி வழியில் கையை நிறுத்தி, சூயிங்கத்தைப் பார்த்தார். "நீ இவங்க பக்கத்துலதானே இருந்த. பார்த்தியா?"

நீலச் சட்டைப் பயிற்சியாளர் தொண்டையைக் கனைத்தார். சும்மா கனைத்ததாகத் தெரியவில்லை. அதில் அடுத்த வருட வருகைப்பதிவு, விளையாட்டு ஒதுக்கீடு, நன்னடத்தைச் சான்றிதழ் எல்லாம் அடங்கியிருந்தன. சூயிங்கம் தன் பயிற்சியாளரைப் பார்த்தாள். சின்னவளைப் பார்க்கவில்லை. சின்னவள் மேசைக்கடியில் தன் கட்டைவிரலைத் தானே நசுக்கிக்கொண்டிருந்தாள்.

சூயிங்கம் வாயிலிருந்ததை எடுத்து, ஒரு காகிதத்தில் நிதானமாக மடித்து வைத்தாள்.

"ஃப்ரீ த்ரோ இல்ல சார். எங்க ஆள் தலைக்கு மேல தூக்கிப் போட்டா அந்த அக்கா. போட்டதும் இந்த லூசு எழுந்து நின்னுச்சு. நான்தான் சட்டையப் புடிச்சு இழுத்து உட்கார வெச்சேன். ஃப்ரீ த்ரோவுக்கு எவளாவது எழுந்து நிப்பாளா சார்?"

"நீ எந்த யூனிவர்சிட்டிம்மா?" என்றார் பயிற்சியாளர்.

"ஐடி கார்டுல இருக்கு சார். எனக்கும் ஆடத் தெரியாது சார், எண்ணத்தான் தெரியும்."

நடுவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒண்ணு திறந்தா எல்லாத்தையும் திறக்கணும்" என்று சொல்லிவிட்டு, முதல் கோட்டிலிருந்து இரண்டு அணியையும் கூட்ட ஆரம்பித்தார். ஆறு நிமிடம் ஆனது. சின்னவளுக்கு இப்போதுதான் உண்மையான பயம் வந்தது. இரண்டாம் பகுதியில் நீல அணியின் ஒருத்தி தூரத்திலிருந்து எறிந்தது விழுந்தது. காலடி மூன்று புள்ளிக் கோட்டின் மேல் இருந்ததா, அதற்கு வெளியே இருந்ததா? நடுவர் காட்டியது இரண்டு விரலா மூன்றா? இரண்டு என்று எழுதியிருந்தாள். அது மூன்றாக இருந்தால் இந்த ஒரு புள்ளி செத்தது. நடுவரின் பேனா அந்த இடத்தில் வந்து நின்றது. அவர் கண்ணை மூடி, கையைத் தூக்கி, காற்றில் தான் காட்டியதைத் தானே மறுபடி காட்டிப் பார்த்தார். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

இரண்டு.

பேனா நகர்ந்தது.

கடைசிக் கட்டத்தில் ஐம்பத்திரண்டை அடித்துவிட்டு ஐம்பத்து மூன்று என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். நீலக் கேப்டனைப் பார்த்து, "ஆட்சேபம்னா இந்த இடத்துல கையெழுத்து போடலாம்" என்றார். அவள் பேனாவை வாங்கினாள். தன் பயிற்சியாளரைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள். "என் தலைக்கு மேலதான் சார் போட்டா" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

நடுவர் சின்னவள் பக்கம் திரும்பினார். "மேசை அதிகாரியோட கவனக்குறைவுன்னு எழுதி அனுப்பறேன். இனிமே நான் இருக்கிற மேட்ச்ல உன்னை இந்த நாற்காலியில பார்க்கக் கூடாது."

"சரி சார்."

"அழாத."

"அழல சார்."

அவர் கையெழுத்துப் போட்டார். அதோடு முடிந்தது, அதற்கு மேல் அந்தத் தாளைக் கடவுளாலும் திருத்த முடியாது. அக்கா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, தலையைக் கவிழ்த்துக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாதபடி குலுங்கினாள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டவள் நொண்டிக்கொண்டே வந்து அவள் மேல் விழுந்தாள். மற்றவர்கள் அவள் மேல் விழுந்தார்கள். பயிற்சியாளருக்கு ஜெயித்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாததால் எதிரணிப் பயிற்சியாளரிடம் போய், வழக்கம் போல, "நல்லா ஆடினீங்க சார், வாழ்த்துகள்" என்று கைகொடுத்தார்.

நடுவர் தாளின் பிரதிகளைப் பிரித்தார். ஜெயித்தவர்களுக்கு ரோஸ், தோற்றவர்களுக்கு மஞ்சள். சின்னவளின் கை தானாக மஞ்சளுக்கு நீண்டது. அதற்குள் சூயிங்கம் அதை இழுத்துக்கொண்டாள்.

"ஏய், அது எங்களுது" என்றாள். "உன்னுது அந்தக் கலரு."