விழ மறுத்த உத்திரம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. சாப்பாட்டு மேசையில் அக்காவும் அத்தானும் போட்ட சண்டையை ஒட்டுக்கேட்டு எடுத்தது. அக்கா பழங்காலக் கட்டடங்களைச் சீராக்கும் பொறியாளர். அத்தான் அதே இடத்தில் கல்தச்சர். சண்டை, பழைய மண்டபம் ஒன்றின் பளிங்கு உத்திரத்தைப் பற்றி.

ஆதியில் ஒரு மலை இருந்தது, அதன் வயிற்றில்

(வேண்டாம். மலையிலிருந்து தொடங்கினால் மண்டபம் வந்து சேர்வதற்குள் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.)

2

இரண்டு தூண்களின் தலைமேல் படுத்திருக்கும் அந்த உத்திரம் நட்டநடுவில் விரிசல் விட்டுப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. விழவில்லை. உடைந்த பாதிகள் இரண்டும் மேல் விளிம்பில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, பாரத்தைத் தூண்கள்மேல் தள்ளிவிட்டு நிற்கின்றன. அக்கா இதைச் சொன்னபோது என் கையிலிருந்த தம்ளர் வாய்க்குப் போகாமல் நின்றது.

விரிசலைத் தாங்கிய கல், வைத்தியத்தைத் தாங்கவில்லை. முன்பு யாரோ நல்ல மனதோடு செருகிய இரும்புக் கம்பிகள் துருவேறி, ஊதி, பளிங்கை உள்ளிருந்தே பிளக்கத் தொடங்கியிருந்தன. அவற்றை எடுத்துவிட்டு, துருப்பிடிக்காத டைட்டானியம் கம்பிகளை வைக்கச் சொன்னாள் அக்கா.

"குச்சி மாதிரி இருக்கு. தடியா போட்டா என்ன?" என்றார் அத்தான்.

"நாளைக்கே நிலம் ஆடினா ஏதோ ஒண்ணு உடைஞ்சுதான் ஆகணும். கம்பி உடையட்டும், மாத்திக்கலாம். கல்லுக்கு எங்க போறது?"

"அடியில படுத்து ஜாக்கிய* இறக்கப்போறது நான். உன் கணக்கு தப்பாச்சுன்னா அப்புறம் உன்கூட சண்டை போட ஆளிருக்காது."

அக்கா சிரிக்கவில்லை.

(* லாரிச் சக்கரம் மாற்றும்போது வண்டியைத் தூக்கிப் பிடிக்குமே, அதன் பெரியண்ணன்.)

3

முதல் வரைவில் உத்திரத்தை அத்தான்மேல் விழவைத்தேன். அக்கா படித்தாள்.

"அவரை ஏன்டா கொன்ன?"

"கதைக்குத் தேவைப்பட்டுச்சுக்கா."

"கல்லுக்குத் தேவைப்படலையே."

கிழித்துப் போட்டேன். நடந்தது இதுதான்.

4

கம்பிகள் உள்ளே போய், காரை இறுகி, அதுவரை உத்திரத்தைத் தாங்கியிருந்த ஜாக்கியை இறக்க வேண்டிய காலை. வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். அத்தான் சாரத்தில் ஏறி உத்திரத்தின் அடியில் நுழைந்தார். பின்னாலேயே அக்காவும் குனிந்தாள்.

"நீ எதுக்கு? கீழ நில்லு."

"என் கணக்குதானே? தள்ளிப் படுங்க."

(இதை நான் புனையவில்லை. புனைய எனக்குத் தைரியம் வந்திருக்காது.)

அத்தான் திருகினார். கல்லுக்குள் எங்கோ ஒரு முனகல். பிறகு அத்தனை பாரமும் ஓசையின்றித் தூண்களுக்குள் இறங்கியது. ஜாக்கிக்கும் கல்லுக்கும் நடுவே கீற்றாக வானம் தெரிந்தது. உத்திரம் தன் காலிலேயே நின்றது. கீழே எங்களில் ஒருவருக்கும் கைதட்டத் தோன்றவில்லை. கிரேன் ஓட்டுநர் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

5

கூப்பிட்டோம். இருவரும் இறங்கவில்லை. மல்லாந்து, மூக்கு உரசும் நெருக்கத்தில் அந்தப் பளிங்கையே பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். அத்தான் என்னவோ கேட்டார். அக்கா ஏதோ சொன்னாள்.

எனக்குக் கேட்கவில்லை. அந்த இடத்துக்கு மூன்று வசனங்கள் எழுதிப் பார்த்தேன். மூன்றையும் அடித்துவிட்டேன். அவ்வளவு பெரிய கல்லின் அடியில் படுத்துக்கொண்டு பேசிய பேச்சு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு எப்படி வரும்?

இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் மல்லாந்து படுத்து எழுதிப் பாருங்கள்.