ஒத்தக்காது

சாரம் கட்டுகிற வேலையில் ஒரு சட்டம் உண்டு. எழுதி ஒட்டிய சட்டம் இல்லை, மேஸ்திரி வாயால் போட்ட சட்டம். பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை செய்யலாம், ஆனால் ஒரு காதில்தான். இன்னொரு காது வேலைக்கு. மேலே நிற்பவன் "பைப்பு" என்று கத்தினால் கீழே நிற்பவன் ஒதுங்க வேண்டும். ஒதுங்காவிட்டால் அன்றைக்கு வீட்டுக்குப் போவது அவனுடைய சாப்பாட்டுத் தூக்கு மட்டும்தான்.

அரைக் காதில் பாட்டுக் கேட்பது மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். ஒருத்தன் மட்டும் விடவில்லை. இயர்போன் வயரின் ஒரு முனை இடது காதில், மறுமுனை சட்டையின் இரண்டாவது பொத்தான் ஓட்டையில். வருசக்கணக்கில் அப்படியே இருந்து இருந்து அது உடம்போடு ஒட்டிப்போனது. பஸ்ஸிலும் ஒரு காது, வீட்டிலும் ஒரு காது. செல்போனோ ஒருமுறை சிமெண்டுத் தண்ணீரில் விழுந்து வெளிச்சத்தம் அடைத்துக்கொண்டது, வயர் போட்டால்தான் பேசும். வேலையிடத்தில் அவன் பெயர் ஒத்தக்காது. சம்பளம் கொடுக்கிறவரே அப்படித்தான் கூப்பிடுவார்.

சரி, அப்படி என்னதான் கேட்டான்? ஊரே பாடுகிற பாட்டை அவன் கேட்க மாட்டான். பெரிய கம்பெனி எதுவும் இல்லாமல், தானே கட்டி, தானே பாடி, வீட்டு மூலையில் உட்கார்ந்து பதிவு செய்து ஏற்றிவிடுகிறார்களே, அவர்கள்தான் அவனுக்கு வேண்டியவர்கள். கையில் ஒரு கிதார், வாயில் நாட்டுப்பாட்டு மாதிரி ஒரு மெட்டு. இண்டி ஃபோக் என்று அதற்குப் பெயர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற ஒருத்தர், பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு காலி பஸ்ஸுக்குள்ளேயே பாடிப் பதிந்த ஆல்பம் அவனுக்கு மனப்பாடம். ஒரு சாவி வேலை செய்யாத ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு பாடும் அக்கா தங்கையை அவன்தான் முதலில் கண்டுபிடித்தவன் என்பது அவன் கணக்கு. புதிதாக யாரோ ஏற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், இருப்புக்கொள்ளாது. சாரத்தின் உச்சியில் நின்றுகொண்டே தேடுவான். அந்தப் பாடகருக்கு நாலு பேர் கூடி நாற்பதாயிரமாகிவிட்டால் கைகழுவிவிட்டு அடுத்த ஆளைத் தேடக் கிளம்பிவிடுவான்.

இந்த வருசம் அவனைப் பிடித்துக்கொண்டவள் ஒரு பெண். ஆல்பத்துக்கு 'அடுப்படி' என்று பெயர். அட்டையில் அவள் மட்டும், சமையல் மேசையில் கையூன்றி உட்கார்ந்திருப்பாள். அதில் ஒரு பாட்டில் ஒரு வரி பாடுவாள், பிறகு இன்னொரு வரி பாடுகிற நேரத்துக்குச் சும்மா இருப்பாள். கிதார் மட்டும் லேசாகக் கிள்ளும். பிறகு அடுத்த வரி. "கதவத் தெறந்து வச்சிருக்கேன்" என்பாள். மௌனம். "வெளக்க ஏத்தி வச்சிருக்கேன்" என்பாள். மறுபடி மௌனம். அந்த மௌனம்தான் ஒத்தக்காதைச் சாய்த்தது.

"வராத ஆளுக்காகக் காத்திருக்கா. அவ பாடாம இருக்கா பாரு, அந்த எடத்துலதான் பாட்டே இருக்கு" என்று வேலையிடத்தில் விளக்குவான்.

அவனோடு பைப் தூக்குகிற மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, சிரிக்காமல் சொல்வான்: "இல்ல மாமா. அடுப்படியில பாடுறாங்கல்ல. நடுநடுவுல எழுந்து போயி பால் பொங்குதான்னு பாத்துட்டு வர்றாங்க."

வீட்டில் கேலி கிடையாது, சண்டைதான். அவன் மனைவி துணி வெளுக்கும் ஆலையில் விரிப்பு மடிக்கிறவள். அவர்கள் கட்டில் சுவரோரம் கிடந்தது, அவள் இடம் அவனுக்கு இடது பக்கம். அடைத்த காதுப் பக்கம். அவள் பேசுவாள், இவன் "ம்" என்பான். அந்த "ம்" அவளை அறுத்தது.

"செவுத்துக்கிட்ட பேசினா தூசியாவது உதிரும்" என்று ஒருநாள் சொன்னாள்.

அதற்கும் "ம்" என்றான்.

பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. ஊருக்கு வெளியே திடலில் நடக்கிற பாட்டு விழாவில் அடுப்படிக்காரி பாடப்போகிறாள். ஒத்தக்காதுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவியையும் வரச் சொல்லி நச்சரித்தான்.

"வர்றேன்" என்றாள் அவள். "ஆனா ஒண்ணு. அந்தப் பாட்டு எனக்கும் புடிச்சுதுன்னா உங்கள ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். புடிக்கலன்னா அந்த வயரு வீட்டு வாசப்படி தாண்டக் கூடாது. வெளியில செருப்பு கிடக்குற எடத்துலயே கிடக்கட்டும்."

"புடிக்கும்" என்றான். வயர் இல்லாத வீட்டை நினைத்தால் மூச்சு முட்டியது. அவளுக்குப் பிடிக்காமல் போய்விட்டால் என்ற நினைப்பு அதைவிட மோசமாக இருந்தது. அவனுக்கு மிகவும் பிடித்ததில் அவள் இல்லையே என்ற குறை அவனுக்கும் உண்டு. சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

விழா நாளில் பஸ்ஸில் போகும்போது அவள் நிறையப் பேசினாள். அவன் காதில் அடுப்படிக்காரி ஓடிக்கொண்டிருந்தாள், கடைசி ஒத்திகை மாதிரி. மனைவி பேச்சின் வால் மட்டும் விழுந்தது: "...நாளைக்கு சொல்லணுமாம்."

"ம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திடலில் மூன்று மேடைகள். உள்ளே நுழைந்ததும் ஒத்தக்காதுக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் மேடையில் ஒரு பெண் புல்லாங்குழலை எடுத்து வாயில் வைக்கிறாள், அதற்குள் இரண்டாவது மேடையில் எவனோ ஆரம்பித்துவிட்டான். மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அங்கே ஓடினான். அங்கே பாதிப் பாட்டு. மூன்றாவது மேடையில் கைதட்டல் கேட்டது, என்னவோ நடந்துவிட்டது போலிருக்கிறது என்று அங்கே ஓட்டம். போகிற வழியில் மேடைச் சாரத்தை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்க்கவும் தவறவில்லை.

"இவரு புதுசு. இன்னும் ஆல்பமே வரல. அடுத்த வருசம் பாரு" என்றான்.

"இந்த வருசத்தயே பாக்க விட மாட்டேங்குறீங்க" என்றாள் அவள். "ஒரு பாட்டு முழுசா கேட்டோமா? நீங்க பாட்டு கேக்க வந்தீங்களா, பஸ்ஸு புடிக்க வந்தீங்களா? செருப்பு வாரு அந்துரும் போல இருக்கு."

அடுப்படிக்காரி பாட வேண்டிய நேரத்தில் மைக் மக்கர் செய்தது. தள்ளிப்போட்டார்கள். வெயில் இறங்கிக்கொண்டே வந்தது. திரும்பிப் போகும் பஸ்ஸை நினைத்து மனைவி வாசலைப் பார்த்தாள். அவள் வாசலைப் பார்ப்பதை இவன் பார்த்தான். எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்து மேடைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"முள்ளு மேலயா உக்காந்திருக்கீங்க?" என்றாள்.

கடைசியில் அடுப்படிக்காரி வந்தாள். அட்டையில் பார்த்ததைவிடக் குள்ளம். மேடையின் ஒரு ஓரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கிதாரை மடியில் வைத்தாள். அவளுக்குப் பின்னால் வழுக்கைத் தலையோடு ஒரு ஆள் வந்து மறு ஓரத்தில் உட்கார்ந்தான். மைக் சரிசெய்ய வந்தவன் போலிருக்கிறது என்று ஒத்தக்காது அந்த ஆளைக் கணக்கில் எடுக்கவில்லை.

"கதவத் தெறந்து வச்சிருக்கேன்" என்று அவள் ஆரம்பித்தாள்.

ஒத்தக்காது கண்ணை மூடிக்கொண்டான். இதோ வரப்போகிறது அந்த மௌனம்.

"காத்து வந்து சாத்திப்போச்சு" என்றான் அந்த வழுக்கைத் தலை, அடித்தொண்டையில்.

ஒத்தக்காது சட்டென்று கண்ணைத் திறந்தான். அவள் நிறுத்தவில்லை. "வெளக்க ஏத்தி வச்சிருக்கேன்" என்றாள். "வெளிச்சத்துல கண்ணு கூசுது" என்றான் அந்த ஆள். கூட்டம் சிரித்தது. ஒத்தக்காதுக்கு முகம் சுண்டிப்போனது. இத்தனை நாள் அவன் பொத்திப் பொத்தி வைத்திருந்த இடத்தில் எவனோ ஒருத்தன் செருப்புக் காலோடு நடக்கிறான். தனியாகக் காத்திருந்தவளுக்குப் பக்கத்திலேயே ஒரு ஆள் உட்கார்ந்து வாய்க்கு வாய் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"எந்திரி, போலாம். கெடுத்துட்டானுங்க" என்றான்.

மனைவி அசையவில்லை. அவள் கண் மேடையிலேயே இருந்தது, அந்த ஆள் மேல்.

"உக்காருங்க" என்றாள். "அந்த ஆளு எனக்குத் தெரிஞ்ச ஆளு."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்பிடித் தெரியும்?"

"ஞாயித்துக்கிழம மத்தியானம் நீங்க வயர மாட்டிக்கிட்டே தூங்கிடுவீங்கல்ல. இன்னொரு முனை என் தலகாணிப் பக்கம் கிடக்கும். அப்பிடி என்னத்தத்தான் கேக்குறாருன்னு ஒருநாள் எடுத்து வச்சுப் பாத்தேன். இந்த ஆளுதான். ரெண்டு வார்த்த சொல்லுவாரு, சும்மா இருப்பாரு. மறுபடி ரெண்டு வார்த்த. பொம்பளக் குரலே இல்ல. நீங்களோ நாள் பூரா ஒருத்தி, ஒருத்திங்கிறீங்க. எதுக்கு இந்தப் பொய்யின்னு எனக்கு ஆத்திரமா வந்துச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன். 'ம்'ன்னீங்க."

பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கியதும் அடுப்படிக்காரி மைக்கைப் பக்கத்தில் இழுத்தாள். அந்த ஆள் அவள் புருசனாம். ஆல்பம் பதிந்தபோது மேசையின் இந்தக் கோடியில் அவளும் அந்தக் கோடியில் அவரும் உட்கார்ந்து பாடினார்களாம். வீட்டில் சண்டை போடுகிற மாதிரியே இருக்கட்டும் என்று அவள் குரலை ஒரு காதுக்கும் அவர் குரலை ஒரு காதுக்குமாகப் பிரித்து வைத்தார்களாம். அட்டையில் தன் படம் வேண்டாம் என்று அவர்தான் சொல்லிவிட்டாராம். "தலை பளபளக்குதுன்னு வெட்கம்" என்றாள். கூட்டம் மறுபடி சிரித்தது.

ஒத்தக்காது சட்டைப் பொத்தானில் தொங்கிய முனையைத் தொட்டுப் பார்த்தான். பாவம், அந்த வழுக்கைத் தலை இவ்வளவு நாளும் அந்த ஓட்டையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு சொல் கூட இவனுக்கு விழவில்லை. உடனே மனசு நாலா பக்கமும் ஓடியது. பஸ் ஓட்டுநர் பாட்டில் இன்னொரு பக்கம் என்ன இருக்கும்? அக்கா தங்கை இரண்டு பேர்தானா, இல்லை மூன்று பேரா? எத்தனை ஆல்பம், எத்தனை பேர். எல்லாவற்றையும் பாதி கேட்டுவிட்டு ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருக்கிறான். மச்சினனுக்கு மட்டும் இது தெரிந்தால் சாரத்தில் கால் வைக்க முடியாது.

"உனக்குப் புடிச்சுதா?" என்று கேட்டான். குரல் இறங்கியிருந்தது.

"ஆத்திரம் ஒரு பக்கம். ஆனாலும் அப்புறமும் எடுத்து வச்சுப்பேன், நீங்க தூங்குறப்ப" என்றாள். "அவரு சும்மா இருக்குற நேரத்துல நான் எதையாவது சொல்லிக்குவேன். மிசின்ல கைய விடப் பாத்தேன், மேல்வீட்டுல தண்ணி ஒழுகுது, அப்பிடி. நான் சொல்லி முடிச்சதும் அவரு ஏதோ சொல்லுவாரு. பொருந்தாதுதான். ஆனாலும் யாரோ கேட்டுட்டுச் சொல்ற மாதிரி இருக்கும்."

அவன் வாயில் "ம்" வந்தது. விழுங்கிக்கொண்டான்.

திரும்புகிற பஸ்ஸில் இடம் கிடைத்தது. அவள் வழக்கம்போல இடது பக்கம் உட்கார்ந்தாள். ஒத்தக்காது வயரை எடுத்தான். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு இரண்டு முனைகளையும் இரண்டு காதுகளில் செருகினான். இந்தப் பக்கத்திலிருந்து அடுப்படிக்காரி பாடினாள், அந்தப் பக்கத்திலிருந்து அவள் புருசன் பதில் சொன்னார். பாட்டு அவன் மண்டைக்குள் ஒரு மேசை போட்டு உட்கார்ந்துகொண்டது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பஸ்ஸின் சத்தம் போய்விட்டது, கண்டக்டர் குரல் போய்விட்டது. மேலே சாரத்தில் யாரோ "பைப்பு" என்று கத்துவது போலவும் தனக்குக் கேட்காதது போலவும் உடம்பு கூசியது. திரும்பிப் பார்த்தான். மனைவியின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

இரண்டையும் பிடுங்கினான்.

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல. கேளுங்க."

வயரைச் சுருட்டினான். சுருட்டியதை அவிழ்த்து மறுபடி சுருட்டினான். பிறகு எழுந்து, "நீ அந்தாண்ட தள்ளு" என்று அவளை வலது பக்கம் அனுப்பிவிட்டு அவள் இடத்தில் உட்கார்ந்தான். கேட்டுப் பழகிய காது வலதுதான், வேலைக் காது.

"காலையில பஸ்ஸுல என்னவோ சொன்னியே. நாளைக்கு சொல்லணும்னு. என்ன அது?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மடிப்பு மேசைக்கு என்னைய மேற்பார்வைக்குப் போடுறாங்களாம். சாயங்கால ஷிஃப்டு. நீங்க வர்ற நேரம் நான் கெளம்புற நேரம். சரின்னு சொல்லவா, வேணாம்னு சொல்லவான்னு காலையிலேர்ந்து கேட்டுட்டு இருக்கேன். நாளைக்கு சொல்லணும்."

அவள் சரி என்றால் வீட்டில் அவன் தனியாக இருப்பான். வயர் இஷ்டப்படி கிடக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்த நினைப்பு வந்த வேகத்தில் அவனுக்கு அது பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தான், விட்டான்.

"மொதல்லேர்ந்து சொல்லு" என்றான். "யாரு கேட்டாங்க, எப்பக் கேட்டாங்க. நீ என்ன சொன்ன. எல்லாத்தையும்."

"மொதல்ல கால ஆட்டுறத நிறுத்துங்க. சீட்டே ஆடுது."

நிறுத்தினான். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். அவள் மூச்சு வாங்க நிறுத்திய இடங்களிலெல்லாம் அவன் ஏதாவது கேட்டான். ஒரு பஸ் நிறுத்தம் தாண்டுவதற்குள் கால் மறுபடி ஆட ஆரம்பித்துவிட்டது.