அக்கா சொன்ன பத்து நாள்

கொரட்டூரில் ஞாயிறுதோறும் வாசலில் இலவசமாக விழும் வாரப் பத்திரிகையில் வாசகர் பிரச்சினைகளுக்கு யோசனை சொல்லும் 'அன்பு அக்கா'வுக்கு மீசை உண்டு என்பது அவர் மனைவி கோமளாவுக்கும் ஆசிரியர் நஜீருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். அந்த அக்கா, ஓய்வுபெற்ற மின்வாரிய எழுத்தர் சம்பந்தம். வாசகர் கடிதம் வராத வாரங்களில், அதாவது பெரும்பாலான வாரங்களில், கடிதத்தையும் அவரே எழுதிக்கொள்வார்.

சென்ற வாரம், எதிர் ஃப்ளாட் கிருபாகரனை மனதில் வைத்து ஒன்று எழுதினார்: 'என் கணவர் ஊருக்கே யோசனை சொல்கிறார். நான் பேசினால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்.' அக்காவின் தீர்ப்பு: 'சொல்லாமல் பத்து நாள் பிறந்த வீட்டுக்குப் போ. தோசைக்கல்லுக்கு முன்னால் அவருக்கு ஞானம் பிறக்கும்.' தாமே இரண்டு முறை வாசித்து ரசித்தார்.

திங்கட்கிழமை காலை கோமளா வீட்டில் இல்லை. ஃப்ரிட்ஜ் கதவில் அந்தப் பகுதி மட்டும் வெட்டி ஒட்டியிருந்தது.

நெமிலிச்சேரியில் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தவளிடம் போனில் அலறினார். "ஏம்மா, அது கிருபாகரனைப் பத்தி எழுதனது!"

"அப்படியா? அவரு சம்சாரம் வீட்லதான கீறாங்க?"

"சரி, எப்ப வருவே?"

"அக்கா பத்து நாள்னு சொல்லிக்கீறாங்க. பெரியவங்க பேச்ச மீறலாமா?"

சம்பந்தம் பூந்தமல்லியில் இருந்த பத்திரிகை ஆபீசுக்கு ஓடி, மறுப்பு போடச் சொல்லி நஜீரிடம் கெஞ்சினார்.

"அண்ணாத்தே, மூணு பொம்பளைங்க போன் பண்ணி அக்காவுக்கு தேங்க்ஸ் சொன்னாங்கோ. இப்போ அக்கா பல்டி அடிச்சா பேப்பரு அம்பேல்."

"பத்து நாளும் நான் இன்னா துன்றது, பாய்?"

"அக்காவ கேளு."

கேட்டார். வீட்டுக்கு வந்து, முதல் முறையாக ஒரு நிஜக் கடிதம் எழுதினார்: 'அன்பு அக்கா, மனைவி போய்விட்டாள். வீடு வீடாக இல்லை. நான் என்ன செய்ய?' பதில் எழுத வேண்டிய இடத்தில் அக்காவுக்கு ஒரு வரியும் ஓடவில்லை. பேனா மூடியைக் கடித்துப் பார்த்தார். கடைசியில் கடிதத்தைப் படம் பிடித்து, 'நீயே பதில் சொல்' என்று கோமளாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினார்.

பதில் வந்தது: 'சகோதரா, நாளைக் காலை நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்கு வா. அவள் பேசுவாள். நீ கேள். யோசனை சொன்னால் தனியாகத் திரும்பலாம்.'

மறுநாள் பிளாட்பாரத்து பெஞ்சில் கோமளா பேசினாள். முழங்கால் வலி, தம்பி மனைவியின் குத்தல், ஆறு வருஷமாக அவர் காதில் விழாத சங்கதிகள். நாலு வண்டிகள் போயின. முழங்காலுக்கு ஒரு தைலம் சொல்ல அவர் வாய் திறந்தபோதெல்லாம் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக் காப்பாற்றியது.

ஐந்தாவது வண்டி வந்தது. பையை அவர் கையில் திணித்து எழுந்தாள்.

"என் பதில ஒரு எழுத்து மாத்தாம பேப்பர்ல போடணும். தெரிஞ்சுதா?"

"சரிங்கக்கா," என்றார் சம்பந்தம்.