ஐனா மட்சின் ஐந்து வெங்காயங்கள் பற்றி முன்பே நிரூபிக்கப்பட்டிருந்தது

1

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலையில், கில்மார்டி என்ற ஊரின் தோட்டக்கலைச் சங்கம், மனித அறிவின் வரலாற்றையே புரட்டிப் போடும் ஒரு முறையைக் கண்டுபிடித்திருக்கிறது. எதையும் நிரூபிக்காமலே நிரூபித்து முடித்துவிடலாம். கருவி எதுவும் வேண்டாம். ஆங்கிலத்தில் 'நிரூபி' என்ற வினையை எடுத்து, அதற்கு முன்னால் ஒரு 'ஹேட்' (had) போட்டால் போதும்.

[பள்ளியில் இதைப் 'பாஸ்ட் பர்ஃபெக்ட்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். நடந்ததற்கும் முன்னால் நடந்தது. அதாவது, இனி யாரும் போய்ப் பார்க்க முடியாத தூரத்தில் நடந்தது.]

கதை பிறந்த இடம் என் மருந்துக்கடை. இந்த ஊரில் இருபத்து மூன்று வருடமாக இருமல் மருந்து விற்கிறேன். ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஐனா மட்ச் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து கவுன்டரில் வைத்தாள். வயது எழுபத்தொன்று, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். கடிதத்தில் இருந்தது ஒரே வாக்கியம்:

"தாங்கள் கடையில் வாங்கிய வெங்காயத்தைக் கண்காட்சியில் வைத்ததைக் குழு முன்பே நிரூபித்திருந்தபடியால், இவ்வாண்டும் தங்களுக்கு அனுமதி இல்லை."

கீழே தலைவர் ஹெக்டர் ப்ரெம்னரின் கையெழுத்து. கையெழுத்தே கால் பக்கம்.

2

முதல் வரிக்கு நான் முயன்றவை:

'ஐனா அழுதுகொண்டே கடைக்குள் நுழைந்தாள்.' இல்லை. ஐனா அழுது யாரும் பார்த்ததில்லை.

'வெங்காயம் என்பது வெறும் காய்கறி அல்ல, அது ஒரு' வேண்டாம். இப்படி ஆரம்பிக்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஏழு வருடத்துக்கு முன் 'ஒரே அளவில் ஐந்து வெங்காயம்' பிரிவில் ஐனாவுக்கு முதல் பரிசு, ஹெக்டருக்கு இரண்டாவது. அதே வருடம் ஐனாவின் பரிசு ரத்தாகி, கோப்பை ஹெக்டர் வீட்டு ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஐனா அன்றிலிருந்து போட்டிக்கு வெளியே. வருடா வருடம் விண்ணப்பிப்பாள். வருடா வருடம் கடிதம் வரும். ஆனால் இந்த வருடம் அவளுக்கு அவசரம். அக்டோபரில் இடுப்பு எலும்பை மாற்றுகிறார்கள். அதன் பிறகு மண்வெட்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த ஆகஸ்ட் கண்காட்சி போனால் போனதுதான்.

"டில்லி, பழைய நோட்டெல்லாம் உன் வீட்லதானே இருக்கு?" என்றாள். (தில்லைநாயகம் என்ற என் பெயரை இந்த ஊர் இவ்வளவு தூரம்தான் தாங்கும்.) "எந்த நாள், யாரு, எப்படி நிரூபிச்சாங்கன்னு எனக்குக் காட்டு. காட்டிட்டா வாயை மூடிக்கிட்டுப் போயிடறேன்."

நான் வேறு எதுவும் கேட்கவில்லை. மருந்துக்கடைக்காரனுக்குக் கேள்வி கேட்காமல் பொட்டலம் கட்டித்தான் பழக்கம்.

3

சங்கத்தின் கூட்டக் குறிப்பு நோட்டுகள் என் வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. சென்ற வருட நோட்டைத் திறந்தேன். 'ஐனா மட்ச் விண்ணப்பம். சென்ற ஆண்டே நிரூபித்திருந்தபடி நிராகரிக்கப்பட்டது.' சரி, அதற்கு முந்தைய நோட்டு. 'சென்ற ஆண்டே நிரூபித்திருந்தபடி.' அதற்கும் முந்தையது. அதிலும் அதே. கிணற்றில் வாளி இறங்குகிறது, இறங்குகிறது, தண்ணீர் சத்தத்தைக் காணோம்.

கடைசியில் முதல் வருடம். அந்த செப்டம்பர்க் கூட்டத்தில், ஐந்து வெங்காயமும் ஒரே அளவாக இருப்பது சந்தேகமாக இருப்பதாக ஹெக்டர் சொல்லியிருக்கிறார். [பிரிவின் பெயரே 'ஒரே அளவில் ஐந்து வெங்காயம்'.] அடுத்த கூட்டத்தில் விசாரிக்கலாம் என்று முடிவு. அடுத்த கூட்டம் அக்டோபரில். மண்டபத்தைச் சூடேற்றும் பாய்லர் வெடித்துவிட்டது. எல்லோரும் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒன்பது நிமிடத்தில் கலைந்தார்கள். நவம்பர்க் குறிப்பு: 'வெங்காய விவகாரம்: குழு முன்பே நிரூபித்திருந்தபடி, பரிசு ரத்து.'

ஒன்பது நிமிடத்தில் பாய்லரைத் தவிர யாரும் எதையும் நிரூபிக்கவில்லை.

இதை அப்போதே யாரும் கவனிக்கவில்லையா? எங்கள் ஊர் வழக்கம் தெரியாமல் கேட்கிறீர்கள். சென்ற கூட்டத்தின் குறிப்பை நாங்கள் வாசிப்பதில்லை. "வாசித்ததாகக் கொள்ளலாமா?" என்பார் தலைவர். ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். பின்னால் டீ அண்டா கொதித்துக்கொண்டிருக்கும். கையெழுத்து விழுந்த நிமிடத்தில் குறிப்பு உண்மையாகிவிடும்.

அந்தக் குறிப்பை எழுதியவர் கோர்டன் என்ற ஆள். சோம்பேறி. காதும் கொஞ்சம் மந்தம்.

4

கோர்டன் எனக்குத் திருப்தியாக இல்லை. இரண்டு முறை திருத்தி எழுதினேன். மீசை வைத்துப் பார்த்தேன். கதையில் நிற்கவே மாட்டேன் என்கிறான். காரணம், அப்படி ஒருவன் கிடையாது. குறிப்பு எழுதியவன் நான்தான். அன்றும் நான்தான், இன்றும் நான்தான். ஆங்கிலத்தைப் புத்தகத்தில் படித்தவன் தப்பில்லாமல் எழுதுவான் என்று என்னைச் செயலாளராகப் பிடித்துப் போட்டார்கள்.

நவம்பர்க் கூட்டத்தில் ஹெக்டர், "அதான் அப்பவே தெரிஞ்சுபோச்சே" என்றார். யாரும் மறுக்கவில்லை. 'தெரிஞ்சுபோச்சு' என்பதை நோட்டில் எப்படி எழுதுவது? கொஞ்சம் கம்பீரமாக இருக்கட்டும் என்று 'நிரூபித்திருந்தபடி' என்று போட்டேன். இலக்கணப்படி குறை சொல்ல முடியாத வாக்கியம். அன்று இரவு அதை இன்னொரு முறை வாசித்துப் பெருமைப்பட்டதாகவும் ஞாபகம்.

ஐனாவிடம் போய்ச் சொன்னேன். "ஏழு வருஷம்" என்றாள். பிறகு, கூட்டம் என்றைக்கு என்று கேட்டாள்.

5

முடிவுக்கு மூன்று வரைவுகள் வைத்திருந்தேன்.

(அ) ஹெக்டர் எழுந்து மன்னிப்புக் கேட்கிறார். [ஹெக்டரைத் தெரிந்தவர்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருக்கிறேன்.]

(ஆ) நான் பதவி விலகுகிறேன். இது உருக்கமாக இருந்தது. ஆனால் எனக்குப் பதில் குறிப்பு எழுத ஆள் கிடைக்காது. ராஜினாமாவையும் நானேதான் பதிவு செய்ய வேண்டும்.

(இ) ஐனா மேஜை மேல் ஐந்து வெங்காயத்தை வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் படத்தில் வருவதைப் போல

இல்லை. நடந்தது இது. அந்த வாக்கியம் என் தவறு, அதை நீக்க வேண்டும் என்று எழுந்து சொன்னேன். ஐனா கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையெழுத்தான குறிப்பைத் தொட முடியாது என்றார் ஹெக்டர். அப்படியே தொடுவதானால், 'ப்ரூவ்டு' என்று நான் எழுதியதை 'ப்ரூவன்' என்று மாற்றலாம், அதுவே ஸ்காட்லாந்து வழக்கு என்றார். இதற்கு உடனே இரண்டு கட்சி உருவானது. அகராதி வந்தது. யாருடைய மாமாவோ வக்கீலாக இருந்தவர், அவர் பெயரும் வந்தது. நாற்பது நிமிடம். எனக்கே ஆர்வமாகிவிட்டது, வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் இரண்டு முறை பேசினேன்.

டீ அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த எல்ஸ்பெத் மூடியைக் கீழே வைத்தாள். பதினெட்டு வருடமாக டீ ஊற்றுகிறவள், கூட்டத்தில் அதுவரை பேசியதில்லை.

"எந்த ஸ்பெல்லிங்ல வேணா எழுதிக்குங்க ஹெக்டர். நிரூபிச்சது யாரு?"

ஹெக்டர் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். குழுதான் என்றார். குழுவில் யார் என்று கேட்டாள். குழுவில் இருந்த ஆறு பேரும் மற்ற ஐந்து பேரைப் பார்த்தார்கள்.

"யாரும் இல்லன்னா நான் டில்லியை வழிமொழியறேன். டீ ஆறுது."

வாக்கியம் நீக்கப்பட்டது. ஐனாவின் விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

6

பஸ் நிறுத்தம் வரை ஐனாவோடு நடந்தேன். இடுப்பு வலியால் மெதுவாக நடந்தாள். இந்த வருட வெங்காயம் எப்படி என்று கேட்டேன். அருமையாக வந்திருக்கிறது, விதையிலிருந்து எல்லாம் தன் கை என்றாள். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். அப்புறம் இன்னொன்றும் சொன்னாள்.

இப்போது எனக்கு ஒரு வேலை மீதம் இருக்கிறது. இந்தக் கூட்டத்தின் குறிப்பை எழுத வேண்டும். 'அவர் குற்றமற்றவர் என்று குழு நிரூபித்தது' என்று எழுதலாம். அழகான முடிவு, ஆனால் அதையும் யாரும் நிரூபிக்கவில்லை. 'யாரும் எதையும் நிரூபித்திருக்கவில்லை' என்று எழுதலாம். ஒரு சங்கத்தின் நோட்டில் அப்படி எழுத முடியாது. 'ஐனா மட்ச் பஸ் நிறுத்தத்தில் கூறியதாவது' என்றும் எழுதலாம்.

அந்த இடத்தில் நான்கு வரி காலியாக விட்டிருக்கிறேன். நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் அடுத்த மாதம் வாசித்ததாகக் கொள்வோம்.

ஏழு வருடத்துக்கு முந்தைய அந்த ஐந்து வெங்காயமும் கடையில் வாங்கியவைதான்.