மாலை போட்ட படம்

'ரவுசு பஜார்' நகைச்சுவை நிகழ்ச்சிக்கு இருபதாம் ஆண்டு விழா. பருத்திப்பட்டு வீட்டில் நாகப்பன் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிவைத்து டிவியைப் போட்டார். அந்த நிகழ்ச்சியில் பதினோரு வருடம் அவர்தான் பிணம். இழவு வீட்டுக் காட்சி என்றால் அவரைப் படுக்கவைத்து, மாலை போட்ட அவர் படத்தைத் தலைமாட்டில் மாட்டுவார்கள். கதாநாயகன் ஜெயபாண்டி மேலே விழுந்து புரண்டு அழுவான். ஊரே சிரிக்கும்.

'மறைந்த கலைஞர்களுக்கு அஞ்சலி' என்று வரிசையாக முகங்கள் வந்தன. நடுவில் அதே மாலை போட்ட படம், கீழே அவர் பெயர். பழைய டேப்பில் பார்த்ததை நிஜமென்று நம்பி எவனோ சேர்த்திருக்கிறான். விழாவுக்கு ஏன் கூப்பிடவில்லை என்பது நாகப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஜெயபாண்டிக்குமா தெரியாது? விழா மேடையில் கேமரா தன் பக்கம் திரும்பியதும் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நாகப்பன் அண்ணனுக்குக் கடைசியா தோள் கொடுத்தவன் நான்."

"டேய் பரதேசி, நான் உசுரோட கீறேன்டா!" நாகப்பன் ரிமோட்டை ஓங்கினார்.

மனைவி வேம்புலியம்மாள் கையைப் பிடித்தாள்.

"சும்மா இருய்யா. இத்தினி வருசத்துல இன்னிக்குத்தான் உம் பேரைப் போட்டுகீறானுங்க."