துரைக்குத் தெரிந்த பைத்தியம்

எழுபத்தெட்டில் மலேசியாவில் மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்கு ஒரு மருந்துக் கம்பெனி வந்தது. மனநோய்க்குப் புது ஊசி கண்டுபிடித்திருக்கிறார்களாம். கடல் தாண்டி யார் யாரோ அதில் பணத்தைக் கொட்டியிருக்கிறார்களாம். அதை முதலில் போட்டுப் பார்க்க அவர்கள் ஊர்ச் சீமாட்டிகளா கிடைப்பார்கள்? கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்துச் செல்லாயிதான் கிடைத்தாள்.

செல்லாயி, நவமணியின் தங்கை. காதுக்குள் யாரோ திட்டுகிறார்கள் என்று சோறு தண்ணி இல்லாமல் கிடந்தவள். நவமணி வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவாள். அந்தப் பூட்டின் சாவி எந்நேரமும் அவள் முந்தானை முடிச்சில் கிடக்கும்.

சும்மா சொல்லக்கூடாது, ஊசி வேலை செய்தது. சில மாதங்களில் செல்லாயி தலைசீவிப் பொட்டு வைத்தாள், பால்மரக் காட்டுக்குப் போனாள், அக்காளோடு சண்டைகூடப் போட்டாள். பூட்டு துருப்பிடித்தது. நவமணிக்குத் தலைகால் புரியவில்லை. நன்றி காட்டுகிறேன் பேர்வழி என்று கம்பெனியின் வெள்ளைக்கார டாக்டரைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு அழைத்து மாலை போட்டாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

உடுக்கைச் சத்தம் ஏறியதும் செல்லாயிக்குச் சாமி வந்தது. நோய்க்கு முன்னால் வருஷா வருஷம் வந்த சாமி. நோயில் கிடந்த காலமெல்லாம் எட்டிப் பார்க்காத சாமி. தங்கை முழுசாகத் திரும்பிவிட்டாள் என்று நவமணி கும்பிட்டு அழுதாள். டாக்டரோ முகம் வெளுத்துப்போய், இவளுக்கு என்ன என்று பக்கத்தில் நின்ற பரஞ்சோதியைக் கேட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரெசர் அவர். அவருடைய அம்மா காளியம்மாவும் அதே வரிசையில்தான் நாக்கைத் துருத்தி ஆடிக்கொண்டிருந்தாள். இது சாமியாட்டம், தன் அம்மாவும் ஆடுகிறாள் என்று வெள்ளைக்காரன் முன்னால் சொல்ல மனுஷனுக்கு வெட்கம். பழைய நோய் திரும்பிவிட்டது என்று சொல்லிவிட்டார். படித்த வாய் அல்லவா, பொய்கூட இங்கிலீஷில் வந்தது.

மருந்து பலிக்கவில்லை என்று முடிவு கட்டி ஊசியை நிறுத்தினார்கள். நவமணி டிரெசர் வீட்டுக்கு நடையாய் நடந்தாள். கம்பெனி இப்போது பணக்காரர்களின் தூக்கத்துக்கு மாத்திரை செய்கிறது, அதில்தான் நல்ல யாவாரம் என்று அவர் கையை விரித்தார். செல்லாயியின் காதுக்குள் குரல்கள் திரும்பி வந்தன. துருப்பிடித்த பூட்டுக்கு நவமணி எண்ணெய் போட்டாள்.

அடுத்த வருஷத் திருவிழாவிலும் காளியம்மாவுக்குச் சாமி வந்தது. பரஞ்சோதி திருநீற்றுத் தட்டை ஏந்திக்கொண்டு, பதவி உயர்வு கிடைக்குமா என்று பெற்ற தாயிடம் பவ்யமாகக் குறி கேட்டார். நவமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“டிரெசரய்யா, ஒங்கம்மாவுக்கு என்ன நோயின்னு டாக்டர் தொரைகிட்ட சொல்லியாச்சா?”

“கோயில்ல வச்சு வேணாம்லா, நவமணி,” என்றார் அவர் மெதுவாக.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாவியை எடுத்துத் திருநீற்றுத் தட்டில் வைத்தாள்.

“என் தங்கச்சிக்கு இந்த வருசம் சாமி வரல. உள்ள பூட்டிட்டு வந்திருக்கேன். போய்த் தொறந்து பாருங்க. இப்பச் சொல்லுங்க, அவளுக்கு என்னன்னு.”

பரஞ்சோதி சாவியைத் தொடாமல் தட்டை அவள் பக்கமே நீட்டினார். நவமணியே சாவியை எடுத்துக்கொண்டாள். செல்லாயிக்குச் சோறு ஊட்டும் நேரமாகிவிட்டிருந்தது.